உப்புப் போட்ட கோப்பி

"லோ" என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் தடை செய்து வைத்திருக்கிறேன். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், "எது லோ? என்ன லோ? முழுசாச் சொல்லு" என்று மேலே விழுந்து பிடுங்குகிறேன். என் கணவர் போன் பேட்டரி தீரும்போதுகூட "கொஞ்சந்தான் இருக்கு" என்கிறார், பயத்தில். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த ஒற்றை எழுத்துச் சொல்லால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் என் பஸ்ஸே கையை விட்டுப் போகப் பார்த்தது.

நான் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவள். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்புகளிலும் இருக்கும் பெண்களைக் காலை ஷிஃப்டுக்கு ஏற்றிக்கொண்டு போய் கூலிம் ஹைடெக் பூங்காவில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பஸ் என்னுடையது இல்லை, முதலாளியுடையது. ஆனாலும் அந்தச் சீட்டை எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டி, பிறகு பெரிய லைசென்ஸ் எடுத்து, "பொம்பள ஓட்டுற பஸ்ஸா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களையே ஏற்றிக்கொண்டு போய் வாங்கிய சீட்டு அது. வீட்டில் நான் ஒருத்தருக்கு மனைவி, இன்னொருத்தருக்கு அம்மா. அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தால்தான் நான் நானாக இருக்கிறேன்.

என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அவருடைய அக்கா எங்களோடு இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். விடிவதற்கு முன்பே நான் கிளம்பிவிடுவதால் அடுப்படி முழுக்க அண்ணியின் ராஜ்ஜியம். நல்ல கைமணம், குறை சொல்ல முடியாது. ஆனால் எதைச் சமைக்கலாம், எந்தக் கிழமையில் சமைக்கலாம் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். செவ்வாயும் வெள்ளியும் சைவம். சைவம் என்றால் கீரையும் பருப்பும் என்று நினைத்துவிடாதீர்கள். உருளைக்கிழங்குப் பிரட்டல், முட்டைக்கோஸ், அப்பளம், ஒரு ரசம். மற்ற நாள்களில் மீனோ கோழியோ இருக்கும், ஆனால் நான் வந்து உட்காரும்போது சட்டியில் குழம்புதான் மிஞ்சியிருக்கும். எனக்கும் அதில் புகார் இல்லை. பசியை அடக்குவதற்கு என்னிடம் தேத்தண்ணி இருந்தது.

தேத்தண்ணி என்றால் சும்மா இல்லை, கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாக. எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. பெண்களை இறக்கிவிட்டு, கடையில் ரொட்டி சானாயோடு ஒன்று. மத்தியானச் சோற்றுக்கு மேலே ஒன்று. சாயங்காலம் கிளம்பும் முன் ஒன்று, ஐஸ் போட்டுப் பையில் கட்டியது, வண்டியில் தொங்கும். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. கொஞ்ச நாளாகவே மூச்சு வாங்கியது. பஸ் படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு கூத்து, ஐஸ் கட்டி மேல் எனக்கு ஒரு ஆசை வந்திருந்தது. தேத்தண்ணி தீர்ந்த பிறகும் பையில் மிஞ்சிய ஐஸை நறநறவென்று கடித்துக்கொண்டே ஓட்டுவேன். பின்னால் இருக்கும் பெண்கள், "அக்கா என்னா எலி மாதிரி கடிக்கிறாங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். மாதாமாதம் வரும் தீட்டும் அந்தச் சமயத்தில் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. அதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை, ஃபேக்டரி பக்கம் திரும்பும் சிக்னலில் சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. பிறகு மூன்றாக. காதுக்குள் ஒரு இரைச்சல். கால் பிரேக்கைத் தேடியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது பெண்கள் போட்ட கூச்சல். பஸ்ஸின் முன்சக்கரம் நடுத்திட்டின் மேல் ஏறி நின்றிருந்தது. யாருக்கும் அடி இல்லை. ஒரு பெண்ணின் சாப்பாட்டு டப்பா மட்டும் உருண்டு திறந்துகொண்டு கீழெல்லாம் மீ கோரேங். எதிர்ப்பக்கம் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

அரசாங்க கிளினிக்கில் இருந்தவர் சின்ன வயசு மலாய் டாக்டரம்மா. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "ஐஸ் சாப்பிடப் பிடிக்குமா, காக்?" என்று மலாயில் அக்கா போட்டுக் கேட்டாரே பார்க்கலாம், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தப் பரிசோதனை வந்தது. வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள், வேறு கோளாறு எதுவும் இல்லை. உடம்பில் இரும்புச்சத்து சுத்தமாக வற்றிப்போயிருக்கிறது, அதனால்தான் ரத்தம் குறைந்துவிட்டது, இது ஒரே நாளில் வந்ததில்லை, சாப்பாட்டிலிருந்தும் போவதிலிருந்தும் மெல்ல மெல்ல வந்தது என்றார். மாத்திரை எழுதினார். கடைசியில், "எச்.பி. ரொம்ப லோ, காக். ஏறும்வரை பஸ் ஓட்டக்கூடாது" என்றார். அதற்கு முன் அவர் சொன்னதெல்லாம் ஒரு காதில் நுழைந்து இன்னொரு காதில் போய்விட்டது. பஸ் ஓட்டக்கூடாது என்றது மட்டும் உள்ளே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் என்னா சொன்னாங்க?"

"பிளட் லோவாம் அண்ணி" என்றேன்.

நான் செய்த காரியம் அவ்வளவுதான். இந்த நாட்டில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். அண்ணியின் முகம் தெளிந்துவிட்டது. தெரிந்த வியாதி வந்துவிட்ட நிம்மதி. அண்ணி ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் மயங்கி விழுந்து, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பிரஷர் லோ என்று சொல்லி உப்புத் தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தாராம். அன்றிலிருந்து லோ என்றால் உப்பு. அண்ணிக்கு அதில் இரண்டாவது யோசனையே கிடையாது.

"ச்சே, லோவா? இதுக்கா இப்படி மூஞ்சத் தொங்கப் போட்டிருக்க? உப்புப் போட்டு கோப்பி ஓ குடி, ஒரே மாசத்துல சரியாயிரும். எனக்கு வராத லோவா!"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ரத்தம் குறைவு வேறு, ரத்த அழுத்தம் குறைவு வேறு என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். அப்போது தலை சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டிலும் மயக்கம் வருகிறது, இரண்டையும் லோ என்றுதான் சொல்கிறார்கள். மலாய்க்காரர்கள் தெளிவாக இருக்கிறார்கள், ரத்தம் குறைந்தால் குராங் டாரா, அழுத்தம் குறைந்தால் டாரா ரெண்டா. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே லோவில் போட்டு ஆட்டி வைத்திருக்கிறோம்.

மறுநாளிலிருந்து ஆரம்பமானது. காலையில் ஒரு மக் நிறையக் கறுப்புக் கோப்பி, கெட்டியாக, அதில் ஒரு சிட்டிகை உப்பு. சிட்டிகை என்றால் அண்ணியின் சிட்டிகை. அந்தக் கோப்பியோடுதான் டாக்டர் கொடுத்த மாத்திரையை முழுங்க வேண்டும், அண்ணி எதிரில் நின்று பார்ப்பார். கோப்பி போனதும் குமட்டும். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, கருவாட்டுப் பொரியல், உப்பு முட்டை. செவ்வாய் வெள்ளியில் கருவாடு கிடையாது, அதற்குப் பதில் உப்பு மாங்காயும் ஊறுகாயும். மெர்கோங்கில் இருக்கும் என் சொந்த அக்கா போன் போட்டு, "லோவுக்கு உப்பு பிஸ்கட் நல்லதுலா" என்றாள். அவளும் அதே கட்சி. இரண்டு ஊரிலிருந்தும் சேர்ந்து என்னை ஊறுகாய் போட்டார்கள்.

அந்த மாதம் என் பஸ்ஸை முதலாளியின் மச்சான் ஓட்டினார். விடிகாலையில் எங்கள் தாமான் வழியாக அது போகும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். கியர் மாற்றும்போது அந்த மனுஷன் போடும் சத்தத்தைக் கேட்டால் என் பல் கூசும். பெண்கள் போன் பண்ணி, "அக்கா எப்ப வருவீங்க, இவரு பிரேக் போட்டா நாங்க முன்னால போய் விழுறோம்" என்றார்கள். வந்துவிடுகிறேன், மருந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது.

மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் ஏறவே இல்லை. ஏறியது ஒன்றே ஒன்று, பிரஷர். போன தடவை ஒழுங்காக இருந்த பிரஷர் இந்தத் தடவை டாக்டரம்மா புருவத்தைத் தூக்கும் அளவுக்கு ஏறியிருந்தது. ஒரு வியாதியோடு போனவள் இரண்டோடு நின்றேன். டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் என்னைச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் மிஸ்ஸியிடம் அனுப்பினார். அவரும் மலாய்க்காரர், கொஞ்சம் பருமன், சிரித்த முகம்.

"மாத்திரையை எதோடு சாப்பிடுறீங்க, காக்?"

"கோப்பி ஓ."

"சீனி போட்டா?"

"இல்ல. உப்புப் போட்டு."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கதையைச் சொன்னேன், அண்ணி, டிரெஸ்ஸர், கருவாடு எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவர் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தலையில் கட்டியிருந்த தூடோங் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், மறுபடியும் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மிஸ்ஸி, என் பஸ் போயிரும்" என்றேன். அப்புறம்தான் அவர் சிரிப்பு நின்றது.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கிற துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் விடாது. வருஷக்கணக்காகச் சாப்பாட்டுக்கு மேல் தேத்தண்ணி குடித்து, சாப்பிட்ட கொஞ்ச நஞ்ச இரும்பையும் நானே வெளியே அனுப்பியிருக்கிறேன். போதாக்குறைக்கு மாத்திரையையும் கோப்பியிலேயே கரைத்துக் கொட்டியிருக்கிறேன். மாத்திரைக்குக் கொய்யாப்பழமோ எலுமிச்சைத் தண்ணீரோதான் ஜோடி, புளிப்பு இரும்பை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். தேத்தண்ணி வேண்டுமானால் சாப்பாட்டுக்கு ரொம்ப நேரம் தள்ளி. கோழி ஈரல் சாப்பிடுங்கள், மீன் சாப்பிடுங்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் கெராங் சிப்பியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், நெத்திலி, கீரை, பயறு. மாத்திரை இப்போதைக்குத்தான், சாப்பாடு மாறாவிட்டால் அடுத்த வருஷமும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள் என்றார். போகும்போது, "உப்பை நிறுத்துங்க, காக்" என்று மறுபடியும் சொல்லி, மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டில் அண்ணியை உட்கார வைத்துச் சொன்னேன். நம்பவில்லை.

"கோப்பி குடிச்சா ரத்தம் ஏறாதா? யாரு சொன்னா? உங்க அண்ணன் காலமெல்லாம் கோப்பி குடிச்சாரு." அண்ணன் என்று அவர் சொன்னது தன் காலஞ்சென்ற கணவரை.

"அவரு ரத்தத்த யாரு அளந்து பாத்தா அண்ணி?"

"அளக்குற அளவுக்கு அவருக்கு ஒண்ணும் வரல. ஆறடி ஆளு."

நானே பாசார் மாலாமுக்குப் போய்க் கெராங் வாங்கி வந்தேன். அண்ணி அதுவரை அதைச் சமைத்ததே இல்லை. சேறு நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவினார். ஒரு சிப்பியைப் பிளந்தபோது உள்ளேயிருந்து சிவப்பாக வடிந்தது. அண்ணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏ, இதுல ரத்தம் இருக்கு!"

அந்த நிமிஷம் அண்ணி கட்சி மாறினார். டாக்டர் சொன்னது, மிஸ்ஸி சொன்னது, நான் தொண்டை வறளச் சொன்னது எதுவும் எடுபடவில்லை. சிப்பியின் சிவப்பு எடுபட்டது. சந்தோஷப்பட்டேன், அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். ஏனென்றால் அன்றிலிருந்து சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார். பீட்ரூட் வந்தது, போகட்டும் என்று சாப்பிட்டேன். தர்பூசணி வந்தது. ஒரு நாள் ரோஸ் சிரப் கலக்கி வந்து நீட்டினார். "அண்ணி, இது சாயம்!" என்று கத்தினேன். "சாயமோ என்னமோ, உள்ள போனா நல்லதுதான்" என்றார். கோழி ஈரல் பழுப்பாக இருப்பதால் அவருக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான் பிடித்த பிடியில் மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார். என்ன கோபம் இருந்தாலும் அந்த வறுவலைக் குறை சொல்ல மாட்டேன்.

எல்லாம் ஓடத் தொடங்கிய நேரம் பார்த்துப் புரட்டாசி பிறந்தது. மாதம் முழுக்கச் சைவம். ஈரல் போச்சு, கெராங் போச்சு, உருளைக்கிழங்கு திரும்பி வந்தது.

"மருந்துக்குச் சாப்புடுறதுக்கு சாமி ஒண்ணும் சொல்லாது அண்ணி."

"ஒரு மாசம் வாயக் கட்ட முடியாதா? சாமி கோவிச்சிக்கும்."

"சாமி வந்து பஸ் ஓட்டுமா?"

அண்ணி கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மிஸ்ஸியிடம் போய்ப் புலம்பினேன். சைவத்திலும் இரும்பு இருக்கிறது, உங்கள் உருளைக்கிழங்கில்தான் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். சரி, சண்டைக்குப் பதில் பேரம். புரட்டாசி உங்களுடையது, சட்டியில் என்ன வேகிறது என்பது என்னுடையது என்று அண்ணியிடம் சொன்னேன். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, சோயாவில் செய்யும் தெம்பே, தண்டுக்கீரை. எல்லாவற்றின் மேலும் எலுமிச்சை பிழிந்தேன், ரசத்தின் மேல்கூட. என் கணவர் வாயைக் கோணிக்கொண்டே சாப்பிட்டார். தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. யார் எதைச் சொன்னாலும் எரிந்து விழுந்தேன். சோறு சாப்பிட்டு எழுந்தால் கை தானாகக் கெட்டிலைத் தேடிப் போகும், நானே அந்தக் கையை அடித்து இழுத்துக்கொள்வேன்.

ஐஸ் ஆசை எந்த நாளில் போனது என்று தெரியவில்லை. ஒரு நாள் கடையில் ஐஸ் இல்லாத தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, பாதி வழியில்தான் அது உறைத்தது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. அடுத்த முறை கிளினிக்கில் ரத்தம் ஏறியிருந்தது, அதற்கடுத்த முறை போதுமான அளவுக்கு வந்துவிட்டது. உப்பு போனதும் பிரஷரும் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு, இனி ஓட்டலாம் என்றார். மாத்திரையை இன்னும் கொஞ்ச காலம் விடக்கூடாது என்றும் சொன்னார். நான் மிஸ்ஸியைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுப் புள்ளைக்கு லோ எல்லாம் போயிருச்சி, பிளட் நல்லா ஏறிருச்சி" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர்களில் ஒருவர் முதலாளியின் மனைவி.

மறுநாள் முதலாளியின் கடைக்குப் போனேன். அவர் பஸ் நடத்துவதோடு டயர் கடையும் வைத்திருக்கிறார். மனுஷன் என் முகத்தையே பார்க்கவில்லை.

"இல்லலா தங்கச்சி, கொஞ்ச நாளு வீட்லயே இரு."

"ஏண்ணே? டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாங்களே."

"முன்ன லோ இருந்திச்சி, மயக்கம் வந்திச்சி, சரி. இப்ப ஹை பிளட்டாமே. எங்க அண்ணன் ஹை பிளட்லதான் ஸ்ட்ரோக் வந்து படுத்தாரு, தெரியும்ல? ஓட்டறப்ப ஒனக்கு அப்படி வந்தா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "ஏறினது ரத்தம்ண்ணே, பிரஷர் இல்ல!" என்று டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலை வைத்துக் காட்டினார்.

"இந்தா, இவங்களே போட்டிருக்காங்க பாரு. எச்.பி. ஹை பிளட்."

நான் அந்த டயர் கடையில் நின்று கத்தியதை அங்கே வேலை செய்த பையன்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். எச்.பி. என்றால் ஹை பிளட் இல்லை, ஹிமோகுளோபின் என்றேன். "ஹிமோ என்னா?" என்றார். அது ரத்தத்தில் இருக்கிற சத்து என்றேன். "சத்துன்னா தமிழ்ல போடுவாங்களா, இல்ல மலாயில போடுவாங்களா, இது ரெண்டும் இல்லையே" என்றார். சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. அந்த வரிசையிலேயே கடைசியில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது, பிரஷர் பார்க்கும் மிஷின் வைத்திருப்பார்கள். "வாங்கண்ணே" என்று அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன். வராமல் இருந்திருந்தால் இழுத்துக்கொண்டே போயிருப்பேன்.

என் கையை விட்டேன். மிஷின் இறுக்கியது, விட்டது. மருந்துக்கடைச் சீனப் பெண் பார்த்துவிட்டு, "ஓகே, காக், நார்மல்" என்றாள். அவளிடமே சீட்டையும் காட்டினேன். அவள் முதலாளியிடம் பச்சைப்பிள்ளைக்குச் சொல்வது போல மலாயில் சொன்னாள். இது ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது, அது ரத்தம் எவ்வளவு வேகமாக முட்டுகிறது என்பது. இந்த அக்காவுக்கு ரத்தம் போதுமான அளவு இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். போதுமான அளவு என்ற அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. முதல் நாளே அண்ணியிடம் "ரத்தம் பத்தலயாம்" என்று தமிழில் சொல்லியிருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது.

"நீங்களும் கைய விடுங்கண்ணே" என்றேன், எரிச்சலில்தான் சொன்னேன்.

"எனக்கு எதுக்குலா?"

"சும்மா விடுங்க."

விட்டார். மிஷின் இறுக்கிக்கொண்டே போனது. சீனப் பெண் ஒரு முறை பார்த்தாள், இன்னொரு முறை கையை விடச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கிள், ஹை என்றால் இதுதான்" என்றாள். முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணனுக்கு வந்ததிலிருந்து பயந்துபோய் அவர் கையை எந்த மிஷினிலும் விட்டதில்லையாம். எனக்குச் சிரிக்கத்தான் தோன்ற வேண்டும், ஆனால் தோன்றவில்லை. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போங்கண்ணே, அந்த டாக்டரம்மா நல்லவங்க என்றேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "திங்கக்கிழம காலைல சாவிய வாங்கிக்க" என்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை விடிகாலையில் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மச்சான் பின்னால் தள்ளி வைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள், கட்டிப்பிடித்தார்கள், "அக்கா வந்துட்டாங்க" என்று சத்தம் போட்டார்கள். வண்டி கிளம்பியது. வழக்கமாக அந்த நேரத்தில் பஸ்ஸில் ஒருத்தியும் விழித்திருக்க மாட்டாள். வீட்டில் சமைத்து, பிள்ளையை எழுப்பி விட்டு ஓடி வருகிறவர்கள், ஏறியதும் தலை சாய்த்துவிடுவார்கள். அன்று கண்ணாடியில் பார்த்தால் அத்தனை கண்ணும் திறந்திருந்தது. அத்தனையும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சிக்னலுக்கு வந்தபோது எல்லாருடைய கையும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. தேத்தண்ணியை விட்டேன், சிரப்பைக் குடித்தேன், ஊரெல்லாம் சண்டை போட்டேன், டாக்டர் சொல்லிவிட்டார், மிஷின் சொல்லிவிட்டது, இவர்கள் நம்ப மாட்டார்களாம். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. வாய் நிறைய அக்கா அக்கா என்றார்கள், ஆனால் கண்ணை மூடவில்லை. அவர்களைத் திட்டவும் முடியாது. அன்று பின்னால் உட்கார்ந்திருந்தது அவர்கள்தானே.

பிறகு ஒரு நாள், மழை பெய்து செம்பனைத் தோட்டமெல்லாம் நனைந்து கிடந்த காலை, பஸ் அந்தச் சிக்னலில் நின்றது. பின்னால் ஒரு பேச்சும் இல்லை. கண்ணாடியைப் பார்த்தேன். முன்சீட்டுப் பெண் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். அவள் பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில். அதற்குப் பின்னால் எல்லாத் தலைகளும் சாய்ந்திருந்தன, ஒருத்தி குறட்டைகூட விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. பச்சை விழுந்ததும், ஒருத்தியும் விழித்துக்கொள்ளாதபடி மெதுவாக வண்டியை எடுத்தேன்.